காணியும் கைவேலையும்



சுவாமிமலையிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஸ்தபதிகள் முன்னால் வர வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். முன்வரிசையில் இடம் இருக்கிறது. இன்று நான் பேசப் போவது உங்களைப் பற்றித்தான். தவறாகச் சொன்னால் கையைத் தூக்கித் திருத்த வசதியாக இருக்கும்.

தலைமுறை தாண்டி நிற்கும் குடும்பத் தொழில்கள் பற்றிப் பேசுங்கள் என்று, இந்தக் கூட்டத்தை நடத்தும் குடும்ப அறக்கட்டளையார் சொன்னார்கள். உலகத்தில் பழைய குடும்ப நிறுவனங்கள் எவை என்று தேடினேன். கோயில் கட்டுகிறவர்கள், விடுதி நடத்துகிறவர்கள், மணி வார்க்கிறவர்கள் என்று வந்துகொண்டே இருந்தது. ஆனால் திரும்பத் திரும்ப வந்து நின்றவர்கள் திராட்சை மது செய்கிறவர்கள். கல்லூரி மேடையில் மதுவா என்று முதல்வர் ஐயா கவலைப்பட வேண்டாம். குடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாகப்பிரிவினையைப் பற்றி நிறையப் பேசுவேன். தஞ்சாவூர்க்காரனுக்கு அதைவிட நெருக்கமான விஷயம் ஏது?

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் ஆந்தினோரி என்று ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜியோவான்னி 1385ஆம் ஆண்டு மது செய்வோர் சங்கத்தில் உறுப்பினராகப் பெயர் பதிந்துகொண்டார். நம் பக்கத்தில் அப்போது சோழர் ஆட்சி முடிந்து நூறு வருஷம் ஆகியிருந்தது. அன்று தொடங்கி 26 தலைமுறையாக அதே குடும்பம் அதே தொழிலில் இருக்கிறது. இருநூறு வயதுக்கு மேற்பட்ட, இன்னும் நிறுவியவரின் வழிவந்தோர் கையில் உள்ள நிறுவனங்களுக்கென்றே 1981இல் பிரான்சில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு விவிலியத்தில் வரும் ஏனோக்கின் பெயரை வைத்தார்கள். முந்நூற்று அறுபத்தைந்து வயது வாழ்ந்து, சாகாமலேயே மேலே போனவர் அவர். பெயர் வைத்தவருக்கு ஆசை அதிகம்.

இதெல்லாம் படிக்கும்போது எனக்கு எழுந்த கேள்வி சாதாரணக் கேள்விதான். எப்படிப் பங்கு பிரிக்காமல் இருந்தார்கள்?

என் தாத்தாவுக்குக் குடமுருட்டிக் கரையில் ஒரு வேலி நிலம். வேலி என்றால் இருபது மா என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். அவருக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஆறரை மாவும் சொச்சமும். என் அப்பாவுக்கு நாங்கள் நான்கு பேர். என் பங்குக்கு வந்தது ஒன்றரை மாவுக்குக் கொஞ்சம் மேல். வரப்புக்கே பாதி நிலம் போய்விட்டது என்று சித்தப்பா சொல்லிச் சிரிப்பார். சிரித்தாரே தவிர அவரும் வரப்பு போட்டவர்தான். மூன்றாம் தலைமுறையில் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்ப இடமில்லாத வயலுக்குப் பத்திரம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரான்சில் பர்கண்டி என்ற பகுதியில் க்ளோ த வூஜோ என்று ஒரு பேர்போன திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கிறித்தவத் துறவிகள் மதில் எழுப்பி வளர்த்த தோட்டம். ஐம்பது ஹெக்டேர், நம் கணக்கில் பதினெட்டரை வேலி. பிரெஞ்சுப் புரட்சியில் அது மடத்தின் கையை விட்டுப் போயிற்று. 1804இல் வந்த நெப்போலியன் காலத்துச் சட்டம், பிள்ளைகள் எல்லோருக்கும் சொத்தில் பங்கு என்றது. விற்றதும் பிரித்ததுமாக, இன்று அந்த ஒரே மதிலுக்குள் ஏறக்குறைய எண்பது உரிமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் சொந்தம். ஆளுக்கொரு புட்டி, ஆளுக்கொரு முத்திரை. மதில் அப்படியே நிற்கிறது. சித்தப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால் சொந்த ஊரில் இருப்பதாகவே நினைத்திருப்பார்.

ஆந்தினோரி வீட்டுக்கும் இந்த ஆபத்து வந்தது. 1980களில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் பங்குதாரராக உள்ளே வந்தது. வந்தவர்களை வெளியே அனுப்ப, பியரோ ஆந்தினோரி சில வருஷங்களில் பங்குகளைத் திரும்ப வாங்கினார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. மூன்று பெண்கள். அவர்கள் மூவருமே தொழிலுக்குள் வந்தார்கள். மூத்தவர் ஆல்பியேரா இன்று நிறுவனத் தலைவர். இருபத்தைந்து தலைமுறையாக ஆண்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முடிக்கும்போது திரும்ப வருவேன்.

இப்போது சுவாமிமலை.

வெண்கலத் திருமேனி வார்க்கும் ஸ்தபதி வீட்டில் பாகம் பிரிக்க என்ன இருக்கிறது? பட்டறை நிற்கும் மனை, மூசை, உளிகள், அரங்கள், தராசு. திராட்சைக்காரனுக்கு நிலம்தான் தொழில். ஸ்தபதிக்கு நிலம் இல்லை. ஆனால் மண் இருக்கிறது. அந்த மண் அவருக்குச் சொந்தமில்லை, காவிரிக்குச் சொந்தம்.

பிரெஞ்சுக்காரர்கள் டெர்வா என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தையே மிரட்டுகிறார்கள். மண், வெயில், சரிவு, நீர் எல்லாம் சேர்ந்து ஓர் இடத்துத் திராட்சைக்குத் தரும் குணம் என்று பொருள். நாம் மண்வாகு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். சுவாமிமலைக்கு மண்வாகு உண்டா என்றால், உண்டு. மெழுகில் செய்த உருவத்தின் மேல் முதல் பூச்சாகப் போடுவது ஆற்று வண்டல். சலித்து அரைத்து மாவாக்கிய வண்டல். கைவிரல் நகத்தின் கோடும், காதுக் குழையின் துளையும், இடுப்பு மேகலையின் முத்தும் அந்த முதல் பூச்சில் அப்படியே பதிய வேண்டும். மணல் கலந்த மண் பதிவு எடுக்காது. வெறும் களிமண் காயும்போது வெடிக்கும். வண்டல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் ஐராவதேசுவரர் கோயில் எழுப்பிய பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்த சிற்பிகள், இந்த மண்ணைப் பார்த்துச் சுவாமிமலையில் தங்கிவிட்டார்கள் என்று ஸ்தபதி வீடுகளில் சொல்வார்கள். ஆற்றுப் படுகையில் குனிந்து ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தால் அந்தச் செய்தியை நம்பத் தோன்றும்.

வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் பேருந்தில் தினமும் சுவாமிமலையைத் தாண்டி வருகிறீர்கள், ஒரு பட்டறைக்குள்ளும் போயிருக்க மாட்டீர்கள்.

முதலில் ஓலை. தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு நீக்கிய ஒரு துண்டு. செய்யப் போகும் உருவத்தின் உயரத்துக்கு அதை நறுக்குவார்கள். பிறகு மடிப்பார்கள், மடித்ததை மடிப்பார்கள். சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், உயரம் 124 கூறு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 கூறு. முகம் இத்தனை, கழுத்து இத்தனை, மார்பிலிருந்து உந்தி இத்தனை என்று எல்லாம் அந்த மடிப்பிலேயே இருக்கும். அங்குலக் கோல் வேண்டாம், அளவு நாடா வேண்டாம். அரையடி விக்கிரகமானாலும் ஆறடி விக்கிரகமானாலும் அதனதன் ஓலையே அதனதன் அளவுகோல். வேலை முடிந்ததும் ஓலை குப்பைக்குப் போகும். இப்படி ஓர் அளவுகோலை உலகத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எதை அளக்கிறோமோ அதிலிருந்தே பிறந்து, அதோடே முடிந்துபோகிற அளவுகோல்.

அடுத்தது மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். கை, கால், தலை, உடல் தனித்தனியாகச் செய்து, சூடு காட்டிய இரும்பால் ஒட்டுவார்கள். வெயில் காலத்தில் பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் இருக்கும். மெழுகு இளகத் தொடங்கினால் அதில் போட்டு எடுப்பார்கள். முழு உருவமும் முடிந்ததும் எடை போடுவார்கள். மெழுகு ஒரு கிலோ என்றால் உலோகம் எட்டு முதல் பத்து கிலோ வேண்டும். அந்தக் கணக்குத் தப்பினால் விக்கிரகத்துக்குப் பாதி முகம்தான் வரும்.

பிறகு மண். முதல் பூச்சு வண்டல், நிழலில் உலர வேண்டும். அதன்மேல் வயல் களிமண்ணும் மணலும், அதன்மேல் இன்னும் முரட்டு மண். பெரிய உருவமானால் இரும்புக் கம்பி கட்டுவார்கள். காய்ந்த பிறகு வறட்டி அடுக்கித் தீ மூட்டினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே இப்போது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குத்தான் இத்தனை நாள் பாடுபட்டார்கள். மூசையில் செம்பும் பித்தளையும் ஈயமும் உருகி, நேர்த்திக்காகப் போடும் பொட்டுத் தங்கமும் வெள்ளியும் சேர்ந்து, சிவந்து பொங்கும் குழம்பை அந்த வாய்க்குள் ஊற்றுவார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊற்றுகிறவர்களும் பேசுவதில்லை. நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அங்கே ஒரு தையல் விழும்.

ஆறிய பிறகு மண்ணை உடைப்பார்கள். அச்சு போயிற்று. மெழுகு ஏற்கெனவே போயிற்று. அதனால் ஒரு விக்கிரகம் போல் இன்னொன்று கிடையாது. உடைத்த பிறகுதான் உளிவேலை, மாதக் கணக்கில். கடைசியில் கண் திறப்பது. எல்லாம் முடிந்து கண் மட்டும் திறக்காத விக்கிரகங்களைப் பட்டறையில் வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றுக்கு முன் நின்றால் நம்மைத்தான் யாரோ பார்க்காமல் விட்டதுபோல இருக்கும்.

இந்த வேலையை அறிவியலாளர்களும் தேடி வந்தார்கள். 1961இல் சாக்கடல் பக்கத்தில் நஹல் மிஷ்மார் என்ற இடத்துக் குகையில் நானூறுக்கு மேற்பட்ட செப்புப் பொருள்கள் கிடைத்தன. ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுப் பழமை. மெழுகு வைத்து வார்த்தவை அவற்றில் பல. எப்படி வார்த்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள, அமெரிக்கத் தொல்லியலாளர் தாமஸ் லெவி வந்து சேர்ந்த இடம் சுவாமிமலை. தேவசேனாபதி ஸ்தபதியின் பிள்ளைகள் ராதாகிருஷ்ணன், ஸ்ரீகண்டன், சுவாமிநாதன் மூவரோடும் சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் 2008இல் ஜெர்மனியில் வெளிவந்தது. அட்டையில் ஸ்தபதிகளின் பெயரும் ஆசிரியர்களாகவே இருக்கிறது. தகவல் சொன்னவர்களுக்கு நன்றி என்று முன்னுரையில் ஒரு வரி போட்டு முடிக்கும் பழக்கம் நம் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. அதைப் பார்த்து அலுத்தவன் என்பதால் இந்த அட்டையைப் பற்றிச் சொல்கிறேன்.

அதே மூன்று சகோதரர்களின் பட்டறையில்தான் 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிற்கும் நடராசர் உருவானது. 27 அடி உயரம், 18 டன் எடை, ஏழு மாத வேலை. சிதம்பரம், கோனேரிராஜபுரம், தஞ்சைப் பெரிய கோயில் ஆகிய மூன்றிடத்து நடராசர்களை மனத்தில் வைத்து வடித்தது. முப்பத்து நான்கு தலைமுறை ஸ்தபதிகள் என்று அப்போது டெல்லியில் அறிவித்தார்கள். தலைமுறைக்கு முப்பது வருஷம் என்று வைத்தால் ஆயிரத்து இருபது வருஷம், சரியாக முதலாம் ராஜராஜன் காலத்தில் போய் நிற்கிறது. கணக்கு இவ்வளவு பொருத்தமாக வந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும், ஆசிரியர் புத்தி. ஆனால் தலைமுறை எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனையாவது தலைமுறை என்பதைவிட, ஒவ்வொரு தலைமுறையிலும் வேலை எப்படிக் கை மாறியது என்பதே என் கேள்வி.

அதற்கு விடை தேட இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போக வேண்டாம், தஞ்சாவூருக்குப் போனால் போதும்.

பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ராஜராஜன் தளிச்சேரி என்ற கோயில் குடியிருப்பை அமைத்த கல்வெட்டை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1014 வாக்கில் வெட்டியது. நானூறு ஆடல் மகளிர், ஒவ்வொருவருக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று முகவரியோடு இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதன்பின் நட்டுவர், பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர் என்று பட்டியல் நீள்கிறது. அதில் கன்னான் வருகிறான், தச்சன் வருகிறான், தட்டான் வருகிறான். கன்னான் என்றால் செம்பு, வெண்கல வேலைக்காரன். சுவாமிமலைக்காரர்களுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பங்குகள் காணியாகத் தரப்பட்டவை. காணி என்றால் பரம்பரை உரிமை. பங்குக்காரர் இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ என்ன செய்வது? கல்வெட்டு அதையும் எழுதியிருக்கிறது. நெருங்கிய உறவினர் அந்தக் காணியைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். இதுவரை நமக்குத் தெரிந்த பரம்பரைதான். அடுத்து வருவதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த உறவினர் அதற்குத் தகுதி இல்லாதவரானால், தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்து அமர்த்தி வேலையைச் செய்விக்க வேண்டும். நெருங்கிய உறவே இல்லையென்றால், மற்றப் பங்குக்காரர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகுதியுள்ளவருக்கு அது வைத்திருக்கும் சொல் ‘யோக்யர்’. இன்று நாம் அந்தச் சொல்லை வேறு இடத்தில்தான் பயன்படுத்துகிறோம், அதுவும் பெரும்பாலும் முன்னால் ஓர் ‘அ’ சேர்த்து.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் காணியை ஒரு பக்கமும் வேலையை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நெல் ரத்தத்தின் வழியில் போகலாம். வேலை கைத்திறன் வழியில்தான் போக வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் வாய்த்தால் பாக்கியம், வாய்க்காவிட்டால் வேலையை விட்டுக்கொடுக்க முடியாது. பரம்பரை பரம்பரை என்று நாம் மார்தட்டிக்கொள்ளும்போது இந்தப் பின்பாதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இதே முடிவுக்கு ஜப்பானில் ஒரு கோயில் கட்டும் குடும்பமும் வந்தது. கோங்கோ குமி என்று பெயர். 578ஆம் ஆண்டு தொடங்கியதாகச் சொல்வார்கள். ஒசாகாவில் ஷிதென்னோஜி கோயிலைக் கட்டி, பழுது பார்த்து வந்தவர்கள். மகன் சரியில்லை என்றால் திறமையான மருமகனுக்குக் குடும்பப் பெயரைச் சூட்டித் தலைமை தருவது அவர்கள் வழக்கம். 1930களில் தலைவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவர் மனைவி யோஷியே முப்பத்தெட்டாவது தலைவரானார். 1,400 வருஷத்துக்கு மேல் இப்படி நின்ற நிறுவனம், நிலவிலை ஏறிய காலத்தில் வாங்கிப் போட்ட மனைகளின் கடனில் சிக்கி 2006இல் வேறொரு பெரிய நிறுவனத்தின் கைக்குள் போயிற்று. கோயில் கட்டிய வரையில் கெடவில்லை, மனை வாங்கப் போய்க் கெட்டது. கும்பகோணத்தில் இதைச் சொல்லும்போது சிலர் தலையைக் குனிவதைப் பார்க்கிறேன்.

சுவாமிமலையிலும் கல்வெட்டின் பின்பாதி சத்தமில்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பூம்புகார் நிறுவனம் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் கூடம் அங்கே இருக்கிறது. அதில் பயின்றவர்கள், பெரிய பட்டறைகளில் சீடர்களாகச் சேர்ந்தவர்கள், ஸ்தபதிக் குடும்பத்தில் பிறக்காதவர்கள், பல சாதிக்காரர்கள் இன்று மெழுகு பிடிக்கிறார்கள், உளி பிடிக்கிறார்கள், தனிப் பட்டறையும் வைத்திருக்கிறார்கள். சுவாமிமலை வெண்கலச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஊருக்குத்தான், ஒரு குடும்பத்துக்கு அல்ல. இந்தத் தொழில் இன்றும் நிற்கிறது என்றால் வெளியாட்களை உள்ளே விட்டதால் நிற்கிறது என்பது என் தீர்மானமான கருத்து. இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த ஸ்தபதிகளில் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். தேநீர் வேளையில் சண்டை போடலாம்.

பரம்பரை என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன ஆகும் என்பதும் இந்த வட்டாரத்துக்குத் தெரியும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம். 1951இல் அங்கே நிலத்தில் நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சில வருஷம் கழித்துப் பழுது பார்க்கக் கும்பகோணத்து ஸ்தபதி ஒருவரிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். பூசை அதற்கே நடந்தது. கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று 1965இல் எழுதியவர் லண்டனில் இருந்த ஆய்வாளர் டக்ளஸ் பாரெட். அசல் கடல் தாண்டி, 1973இல் அமெரிக்காவில் கலைப்பொருள் சேகரித்த நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்து, வழக்குக்குப் பிறகு 1986இல்தான் நாடு திரும்பியது. அந்த நகலைச் செய்த கையில் திறமைக்குக் குறைவில்லை, ஊரே ஏமாந்தது. கல்வெட்டு தேடிய யோக்கியதையில் கைத்திறனுக்கு மேலும் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

நரசிங்கம்பேட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் நாகசுர ரசிகர்கள் என்னை விட மாட்டார்கள். மதுவைப் பீப்பாயில் போட்டு வருஷக் கணக்கில் முதிர வைப்பார்கள். நாகசுரம் செய்யும் ஆச்சா மரமும் முதிர வேண்டும். பச்சை மரத்தில் கடைந்தால் வெடிக்கும், நாதமும் நிற்காது. அதனால் பழைய வீடுகளை இடிக்கும்போது உத்திரத்தையும் தூணையும் தேடிப் போய் வாங்குவார்கள். யாரோ ஒரு மிராசுதாரின் பாட்டன் கூரைக்குப் போட்ட மரம், பாகப்பிரிவினையில் வீடு இடிபட்ட பிறகு நாகசுரமாகிறது. பங்கு பிரித்ததால் விளைந்த நன்மை என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரிதான் 1950களில் நாகசுர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காகச் சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசும் நீண்ட நாகசுரத்தைக் கடைந்து கொடுத்தவர். 2022இல் அந்த நாகசுரத்துக்கும் புவிசார் குறியீடு வந்தது. கடைகிற குடும்பங்கள் மட்டும் விரல்விட்டு எண்ணும்படி குறைந்துவிட்டன.

குடும்பச் சொத்தைக் குடும்பமே காப்பாற்ற வேண்டும் என்பதும் இல்லை. சரசுவதி மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். சரபோஜி மன்னர் சேர்த்த ஏடுகளும் நூல்களும் அரண்மனைச் சொத்தாக இருந்தவை. 1918இல் வாரிசுகள் அதைப் பொதுமக்களுக்கென விட்டுக்கொடுத்தார்கள். பங்கு பிரித்திருந்தால் ஒரு பெட்டி இங்கே, ஒரு பெட்டி அங்கே என்று எந்த எந்தப் பரணிலோ கரையான் தின்றிருக்கும். இன்று நம்மை இங்கே கூட்டியிருக்கும் இந்த அறக்கட்டளையும் அதே புத்தியில் பிறந்ததுதான்.

முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு என்றது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. ஆகவே இன்று ஒரு ஸ்தபதியின் மகளுக்குப் பட்டறை மனையில் பங்கு உண்டு, மூசையில் பங்கு உண்டு, தராசிலும் பங்கு உண்டு. ஓலை மடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்? பட்டறைகளில் மெழுகுப் பலகையின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. காணி கொடுத்துவிட்டோம், வேலை கொடுக்கவில்லை. கல்வெட்டுக்கு நேர் தலைகீழ்.

பிரான்சில் ஷாம்பெயின் பகுதியில் 1805இல் பார்ப் நிக்கோல் என்ற இருபத்தேழு வயதுப் பெண் கணவனை இழந்தார். மாமனார் குடும்பத்தின் மது வியாபாரத்தைக் கையில் எடுத்தார். நுரைக்கும் மதுவில் கலங்கலாக நிற்கும் வண்டலைப் பிரித்தெடுக்க அவர் பட்டறையில் கண்ட வழி உலகம் முழுவதும் பரவியது. அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இன்றும் ‘விதவை’ என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை அவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவில்லை, புட்டியில் அச்சடித்து விற்கிறார்கள்.

நம் ஊரில் அப்படி நடக்காது என்று யாராவது சொன்னால், தளிச்சேரிக் கல்வெட்டைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். பெயரும் முகவரியும் பதிந்து, பங்குக்காரர்களாகப் பட்டியலின் தலையில் நிற்கும் நானூறு பேரும் பெண்கள். கன்னான் அவர்களுக்குப் பிறகுதான் வருகிறான்.

சுவாமிமலையில் பட்டறைப் பெயர்ப்பலகைகளில் தகப்பனார் பெயரைப் போட்டு, அதன்கீழ் ‘சன்ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் வண்ணம் வெளிறிப்போன பலகைகள் சில, எப்படியும் ஒருநாள் புதிதாக எழுத வேண்டியவை. ஸ்தபதிகளே, எழுதும்போது அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் எழுதும் அளவுக்கு இடம் விடுங்கள். அதற்கு முன்னால், இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பெண்ணின் கையில் ஒரு தென்னோலைத் துண்டைக் கொடுத்து 124 கூறாக மடிக்கச் சொல்லிப் பாருங்கள்.